ஒரு ‘க’ மூன்றாக விழுந்த விவகாரம்

மதிப்பும் அன்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளின் அப்பா எழுதிக்கொள்வது. இந்த வீட்டில் இருக்கும் மூன்று பேரும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று நான் தனியாகக் கேட்க வேண்டியதில்லை; உங்கள் கடிதத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கும் இடங்களைப் பார்த்தாலே உடம்பில் தெம்பு குறையவில்லை என்று தெரிகிறது. சம்பந்தி அம்மாளின் முழங்கால் வலி இப்போது தேவலை என்று நம்புகிறேன். அவர்களை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். இந்தக் கடிதத்தை அவர்களும் படிக்கலாம். ஆனால் உங்கள் பிள்ளை காதுக்கு மட்டும் இதில் ஒரு வரிகூடப் போகக்கூடாது. காரணம் போகப் போகத் தெரியும்.

உங்கள் கடிதத்தின் சாரம் எனக்கு நன்றாகவே புரிந்தது. படித்த பிள்ளை, ஒரு காசு வாங்காமல் ஊர் உலகத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர் சிஸ்டம் செய்து கொடுக்கிறேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உங்கள் சிநேகிதர் கம்பெனியில் மேனேஜர் நாற்காலி ஒன்று காலியாகக் கிடக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்க மாட்டான், மாமனார் சொன்னால் தட்ட மாட்டான். ஆகவே இந்த மாதம் முடிவதற்குள் அந்தச் சிஸ்டத்தை மூட்டை கட்டி வைக்கச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இதுதானே? நீங்கள் சொன்னதில் ஒன்று நிஜம். நான் சொன்னால் உங்கள் பிள்ளை தட்ட மாட்டார். அதனாலேயே சொல்லப் பயமாக இருக்கிறது. யோசித்துப் பார்த்து, சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல், கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, மீதியைப் படியுங்கள்.

உங்கள் மருமகளின் அம்மா போன பிறகு நான் இங்கே வந்து சேர்ந்தபோது இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். காலையில் எழுந்து சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, போவதற்கு ஓர் இடமும் இல்லாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். வேலைக்காலம் முழுக்கக் கடை கடையாய் ஏறி இறங்கித் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவன் நான். சம்பந்தம் பேச வந்த அன்று உங்கள் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கும் தராசை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன் என்று இன்று வரைக்கும் சொல்லிக் காட்டுகிறீர்கள். பார்த்தது வாஸ்தவம். பழக்க தோஷம். அப்படிப்பட்டவனை ஜன்னல் பக்கம் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும்? எதிர்வீட்டு கேட் சரியாகச் சாத்தவில்லை, பால் பாக்கெட் அளவு குறைகிறது, மின்விசிறி காற்று பத்தவில்லை என்று நாள் முழுக்கக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் உங்கள் மருமகள் என் முன்னால் வந்து நின்றாள்.

“அப்பா, அவர் உங்க கிட்ட ஒரு உதவி கேக்கச் சொன்னார். அவர் செய்யற சிஸ்டத்தை டெஸ்ட் பண்ண ஆள் வேணுமாம். கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க எல்லாம் தப்பு வந்தா சுத்திக்கிட்டுப் போயிடறாங்களாம். எதுவுமே தெரியாம, ஆனா ஒரு தப்பையும் விடாத ஆள் வேணுமாம்.”

“அப்படி ஒரு ஆளுக்கு அவர் எங்க போவார்?” என்று கேட்டேன்.

“எங்கயும் போக வேண்டாம்னுதான் அவரே சொன்னார்” என்றாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உங்கள் பிள்ளையும் நானும் ஒரே வீட்டில் இருந்தாலும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது கிடையாது. மனஸ்தாபம் ஒன்றும் இல்லை, மரியாதைதான் காரணம். நான் கூடத்துக்கு வந்தால் அவர் எழுந்து நிற்பார்; அவர் எழுந்து நிற்கிறாரே என்று நான் கூடத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டேன். எனக்குச் செய்தித்தாள் வேண்டுமானால் மகளிடம் சொல்வேன், மகள் அவரிடம் கேட்பாள், அவர் மகளிடம் கொடுப்பார், மகள் என்னிடம் கொடுப்பாள். செய்தித்தாள் எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜை மேல்தான் இருக்கும். பகல் முழுக்க க்ளினிக்கில் ஊர்க்காரர்கள் வாயைத் திறந்து பல்லைப் பிடுங்கிவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்தால் திறக்காத இரண்டு வாய்களுக்கு நடுவே தூது போக வேண்டும். பாவம் அவள்.

கம்ப்யூட்டரையே இயக்குகிற அந்தச் சிஸ்டம் என்னவென்று அவர் என் மகள் வழியாக எனக்கு விளக்கினார். கடைகளில் கிடைக்கும் சிஸ்டங்களில் எல்லா வேலையும் ஒரே கூடத்தில் நடக்குமாம். திரையைப் பார்த்துக்கொள்கிறவன், கீபோர்டைப் பார்த்துக்கொள்கிறவன், பிரிண்டரைப் பார்த்துக்கொள்கிறவன் எல்லோரும் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் மயங்கி விழுந்தால் மொத்தக் கூடமும் விழுந்துவிடும். இவர் செய்வதில் நடுவே மைக்ரோகெர்னல் என்று ரொம்பச் சின்னதாக ஒன்று. அதற்கு முக்கியமான வேலை, ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மற்றவர்கள் எல்லோரும் தனித்தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு டிரைவர் என்று பெயர். ஒரு டிரைவர் விழுந்தால் அதை மட்டும் எழுப்பி உட்கார வைத்தால் போதும், பக்கத்து அறைக்குத் தெரியக்கூடத் தெரியாது. யார் வேண்டுமானாலும் இந்தச் சிஸ்டத்தை எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், காசு கிடையாது. இதைக் கேட்டுவிட்டு நான் மகளிடம், “இதுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர், நம்ம வீடே அப்படித்தானே நடக்குது, நடுவுல நீதான் அந்தச் சின்னது” என்றேன். அவள் சிரிக்கவில்லை. அன்று ஏற்கெனவே எங்கள் இருவருக்கும் நடுவே பல முறை நடந்திருந்தாள்.

அப்படித்தான் சம்பந்தி, ஜன்னல் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மவுசை வலப்பக்கம் நகர்த்தினால் அம்பு இடப்பக்கம் போனது, சொன்னேன், சரி செய்தார். அடுத்த நாள் இடம் வலம் சரியாக இருந்தது, ஆனால் மேலே போனது கீழே வர மறுத்தது, சொன்னேன், சரி செய்தார். பிறகு கடிகாரம் பின்னோக்கி ஓடியது, ஓய்வு பெற்றவனுக்கு இது நல்லதுதானே என்று இரண்டு நாள் சும்மா விட்டுவிட்டுப் பிறகுதான் சொன்னேன். பிரிண்டர் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி அச்சடித்தது, அதைச் சரி செய்யப் போய்ப் பிரிண்டர் நின்று ஸ்பீக்கர் கத்த ஆரம்பித்தது, அந்தக் கத்தலுக்குக் கீழ்வீட்டுக்காரர் கரண்டியோடு மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார், நான் அவரை உட்கார வைத்து மைக்ரோகெர்னல் என்றால் என்னவென்று விளக்கினேன், அவர் இப்போதெல்லாம் என்னை மாடிப்படியில் பார்த்தால் வேகமாக இறங்கிப் போய்விடுகிறார். ஆனால் ஒன்று கவனித்தேன். நான் காலையில் ஒரு குற்றம் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது சரியாகிவிடும். உத்தியோகத்தில் என் குறிப்புகளை அப்படி யாரும் மதித்ததில்லை. ஒரு கடைக்காரர் தராசு பொய் சொல்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தால் அந்தத் தராசு நல்லடக்கம் ஆகிற வரைக்கும் அந்தக் காகிதம் மேஜைகளில் ஏறி இறங்கும். இங்கே ஒரு மனிதன் நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அறைக்குள் போய்ச் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்தான். எனக்கு மறுபடி பசிக்க ஆரம்பித்தது, சம்பந்தி. இஸ்திரி போட்ட சட்டைக்கு ஒரு அர்த்தம் வந்தது.

அதற்கப்புறம்தான் அந்த ‘க’ விவகாரம். விசைகளை ஆபீஸ் டைப்ரைட்டரில் எனக்குப் பழக்கமான வரிசையிலேயே அவர் அமைத்துக் கொடுத்திருந்தார். ஒருநாள் ‘கடை’ என்று அடித்தால் திரையில் ‘கககடை’ என்று வந்தது. ‘மனிதன்’ என்று அடித்தால் ‘மமனிததன்’. எப்போதும் வராது, நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு எழுத்து குட்டி போடும். மகளைக் கூப்பிட்டேன்.

“சொல்லும்மா அவர் கிட்ட. ஒரு க அடிச்சா மூணு க வருது. ஒண்ணுக்கு மூணு கொடுக்கற கடையை நான் பார்த்ததே இல்ல.”

உங்கள் பிள்ளை முதலில் கீபோர்டை மாற்றினார். வந்தது. வயரை மாற்றினார். வந்தது. கீபோர்டைக் கவனிக்கிற டிரைவரை முதலிலிருந்து திரும்ப எழுதினார். அப்போதும் வந்தது. சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் அறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மகளைக் கேட்டால் அவள் முகமும் சரியில்லை. “டிரைவர்ல தப்பு இல்லைன்னா நடுவுல இருக்கற கெர்னல்லதான் தப்புன்னு சொல்றார்ப்பா. ஒரு செய்தியை ஒரு தடவை கொடுக்காம மூணு தடவை கொடுக்குதாம். அது நிஜம்னா அஸ்திவாரமே தப்புங்கறார். இத்தனை வருஷம் கட்டினது எல்லாத்தையும் இடிச்சுட்டு விட்டுட வேண்டியதுதான்னு சொல்றார்.” உங்கள் கடிதம் அந்த வாரம் வந்திருந்தால், நான் சொல்லவே வேண்டாம், அவரே பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்கள் சிநேகிதர் கம்பெனி வாசலில் நின்றிருப்பார்.

இந்தச் சிஸ்டத்தைச் செய்கிறவர்கள் உலகத்தில் பல மூலைகளில் இருக்கிறார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, மெயிலில்தான் பேச்சு. அதில் ஒருவர் தன்னைக் கரடி என்று சொல்லிக்கொள்வார். பேச்சும் அப்படியே, ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார். உங்கள் பிள்ளை எல்லோருக்கும் எழுதினார்: புதுப் பதிப்பு வெளியிடுவதை நிறுத்துங்கள், அஸ்திவாரத்தில் பழுது இருக்கிறது. எல்லோரும் அவரவர் வேலையைப் போட்டுவிட்டுத் தேடினார்கள். யார் கம்ப்யூட்டரிலும் ஒரு எழுத்து இரண்டாக விழவில்லை. கடைசியில் கரடி எழுதினார்: “கீபோர்டை மாற்றியாயிற்று. டிரைவரை மாற்றியாயிற்று. அடுத்து, அடிக்கிற ஆளை மாற்றிப் பார்க்கவும்.” அதற்கு உங்கள் பிள்ளை என்ன பதில் எழுதினார் தெரியுமா? “முடியாது. அவர் என் மனைவியின் அப்பா.” கரடிக்கு அது புரியவில்லை. உலகத்தில் இருந்த யாருக்கும் புரியவில்லை. இன்னொரு மெயிலில் இன்னும் தெளிவாக எழுதியிருந்தார்: “ஆயுள் முழுவதும் மற்றவர்கள் தராசைச் சரி பார்த்தவர். அவர் மூன்று என்றால் மூன்றுதான். பழுது நம்மிடம் இருக்கிறது.” இதையெல்லாம் நான் பிற்பாடு படித்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.

இதில் பெரிய அபத்தம் என்னவென்றால், எனக்கும் சந்தேகம் வரவில்லை. தராசில் கல் ஏறி இறங்கினால் தராசைப் பார்த்துத்தான் பழக்கம். பிடித்திருக்கிற கையைப் பார்த்துப் பழக்கமில்லை. அந்த மாதங்களில் தேநீர் சிந்தியது, கோப்பையின் காது சரியில்லை என்று வேறு கோப்பை வாங்கி வரச் சொன்னேன். சவரம் செய்தால் கன்னத்தில் கீறியது, பிளேடு கம்பெனியைத் திட்டினேன். சட்டைப் பொத்தான் துளையில் ஏறவில்லை, தையல்காரர் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். பேனாவில் எழுத்து கோணியது, பேனாவை மாற்றினேன். உங்களுக்கு நான் கடிதம் போட்டு நாளானதே, அதற்கும் அதுதான் காரணம். நல்ல பேனா கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உடம்பு இளைத்தது, மகள் சமையலில் எண்ணெய் குறைவு. வியர்த்துக் கொட்டியது, மின்விசிறி. சட்டென்று கோபம் வந்தது, அதற்கு மட்டும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை, என்னைத் தெரிந்தவர்களுக்கு அது புதிதில்லை.

அந்தச் சமயம் பார்த்து மகள் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு வெளியூர் போனாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். முதல் நாள் சமாளித்தோம். நான் என் அறையிலிருந்து மகளுக்குப் போன் செய்து ‘மூணு த வருது’ என்பேன். அவள் அங்கிருந்து அவருக்குப் போன் செய்வாள். அவர் அறையில் போன் அடிப்பது எனக்குக் கேட்கும். அவர் பதில் சொல்வதும் கேட்கும். ஆனாலும் அவள் திரும்ப என்னைக் கூப்பிட்டுச் சொல்கிற வரைக்கும் நான் கேட்காதது போல உட்கார்ந்திருப்பேன். மறுநாள் அவள் போனை அணைத்துவிட்டாள். வகுப்பு என்று பிறகு சொன்னாள். நான் நம்பவில்லை, குறை சொல்லவும் மாட்டேன்.

அன்று காலை உங்கள் பிள்ளை என் அறை வாசலில் வந்து நின்றார். செருமினார். நானும் செருமினேன்.

“மாமா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க மாப்பிள்ளை.”

“நீங்க தப்பா நினைக்கலைன்னா, உங்க நாற்காலில நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அடிச்சுப் பார்க்கட்டுமா?”

நான் எழுந்தேன். அவர் நாற்காலியின் நுனியில், பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்து செய்தித்தாளைப் பார்த்து ஒரு பக்கம் அடித்தார். ஒரு எழுத்துகூட இரண்டாகவில்லை. “இப்ப நீங்க அடிங்க மாமா.” நான் அதே பக்கத்தை அடித்தேன். முதல் வரியிலேயே ‘அரரசு’ என்று வந்தது. “பார்த்தீங்களா!” என்று வெற்றியோடு திரும்பினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று, “நாற்காலி உயரம் சரியில்லை மாமா” என்று சொல்லிவிட்டு வேறு நாற்காலி கொண்டுவந்தார். வந்தது. “மேஜை ஆடுது மாமா” என்று காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தார். வந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று திரைச்சீலையை இழுத்துவிட்டார். எழுத்து இரண்டாவதற்கும் வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? மனிதர் எதன் மேலாவது பழியைப் போட முடியுமா என்று அந்த அறை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் உள்ளே போனார். விரல் விசையைத் தொட்டதும் விட்டதும் எப்போது என்று எழுதிவைக்கிற ஒரு சின்ன நிரலைப் போட்டுவிட்டு வந்து, என்னை இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொன்னார். அடித்தேன். திரையில் கோடு கோடாக ஒரு படம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எழுத்து இரண்டாகிற இடத்திலெல்லாம் கோடுகள் ஒரே தாளத்தில் துடித்திருந்தன. விரல் நிஜமாகவே விசையை இரண்டு மூன்று முறை தொட்டிருக்கிறது, கம்ப்யூட்டர் தானாகக் கூட்டவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டுக் கோப்பை நிறைய ஊற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். வாங்கினேன். என் சட்டையில் பாதி, தரையில் பாதி.

“இந்தக் கோப்பையே...” என்று ஆரம்பித்தேன்.

“புதுசு மாமா. நீங்க சொன்னீங்கன்னு நான்தான் வாங்கிட்டு வந்தேன்.”

பிறகு அவர் என் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு, மெதுவாக, “மாமா, சிஸ்டம் சரியாத்தான் இருக்கு” என்றார்.

சம்பந்தி, இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். அவருடைய இத்தனை வருட உழைப்பு தப்பித்துவிட்டது. அஸ்திவாரம் கெட்டி. இடிக்க வேண்டாம், விட வேண்டாம். வேறு யாராக இருந்தாலும் எழுந்து குதித்திருப்பார்கள். உங்கள் பிள்ளை அதை ஒரு துக்கச் செய்தி சொல்கிற மாதிரி சொன்னார். சிஸ்டத்தில் பழுது இருந்திருக்கக் கூடாதா என்று அவர் முகம் கேட்டது. பெற்ற பிள்ளை இல்லையே என்று நான் குறைப்பட்டுக்கொண்ட நாட்கள் உண்டு. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்றே என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். வழியெல்லாம் நாங்கள் நேரடியாகவே பேசிக்கொண்டு போனோம். பேச எவ்வளவு இருந்தது தெரியுமா! டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ரத்தம் எடுத்து, கழுத்தைத் தடவி, தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார். ஓய்வு பெற்ற உடம்பில் அது ஒன்றுதான் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நடுக்கம், இளைப்பு, வியர்வை, கோபம் எல்லாம் அதன் கைவரிசை. அதைவிட, இதயமும் அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டு கண்டபடி ஓட ஆரம்பித்திருந்தது. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இவ்வளவு சீக்கிரம் யாரும் வர மாட்டாங்களே. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆம்புலன்ஸ்லதான் வந்திருப்பீங்க” என்றார். உங்கள் பிள்ளை அந்தக் கோட்டுப் படத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எந்த லேபில் எடுத்தீர்கள் என்று கேட்டார்.

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. கை நிற்க நாளாகும் என்று டாக்டர் சொன்னதால், அதுவரைக்கும் நான் எழுதாமல் இருக்கக்கூடாது என்று உங்கள் பிள்ளை எனக்கென்றே ஒரு கீபோர்டு டிரைவர் எழுதினார். விரல் துடித்து ஒரே விசையை மறுபடி மறுபடி தொட்டால் அது முதல் தொடுதலை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் காதில் போட்டுக்கொள்ளாது. அதற்கு ‘மாமா டிரைவர்’ என்று பெயர். தனி அறையில் தனியாக இருப்பது என்பதால் மற்ற எதையும் தொடாமல் இதை மட்டும் மாற்றி வைக்க முடிந்ததாம். கடையில் வாங்கின சிஸ்டமாக இருந்தால் யாரைக் கெஞ்சுவது? இதை அவர் மற்றவர்களுக்கும் அனுப்பினார். பிறகுதான் வேடிக்கை. யார் யாரோ எழுத ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு வாதத்தில் கை நடுக்கமாம், ஒரு அம்மாவுக்கு முதுமையாம், இன்னொருவர் தன் அண்ணனுக்காகக் கேட்டார். கரடி வழக்கத்துக்கு மாறாக இரண்டு வரி எழுதினார்: “எனக்கும் கை நடுங்கும். சொல்ல வெட்கமாக இருந்தது.” இப்போது அவர் எந்த மாற்றம் செய்தாலும், ‘மாமா என்ன சொல்கிறார்?’ என்று கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்.

இந்தக் கடிதத்தையும் அந்த டிரைவரில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு தூரத்தில் ஒரு எழுத்தாவது இரண்டாக விழுந்திருக்கிறதா, பாருங்கள். பேனா பிடிக்க முடியாமல் வாயடைத்துக் கிடந்தவனை உங்கள் பிள்ளையின் டிரைவர் மறுபடி பேச வைத்திருக்கிறது. என் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் உங்கள் கண்ணில் படாது; அந்த டிரைவர் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடுகிறது. இப்படி ஒரு காரியம் செய்கிறவரைப் பார்த்து, அதை மூட்டை கட்டிவிட்டு மேனேஜர் நாற்காலியில் போய் உட்காருங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? காலையில் பாதி நேரம் வேறொரு கம்பெனிக்கு வேலை செய்கிறார், மகளுக்கு க்ளினிக் இருக்கிறது, அடுப்பு எரிகிறது. குறையொன்றும் இல்லை. தயவுசெய்து அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்காரச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் சம்பந்தி அம்மாளுக்கும் நான் பட்டிருக்கும் கடன் வார்த்தையில் அடங்காது. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தீர்கள். அதைவிட, எங்கள் வீட்டுக்குக் கொடுத்தீர்கள். ஆனால் நான் இப்படிப் புகழ்ந்தேன் என்று அவரிடம் மூச்சு விடாதீர்கள். மாமனார் என்று ஒரு பயம் இருக்கட்டும். நாளைக்கு ஸ்பீக்கர் மறுபடி கத்தினால் நான் கொஞ்சம் முறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் திடமாக இருந்து, உங்கள் கடைத் தராசும் உங்கள் கோபமும் என்றும் சரியான அளவில் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை அச்செடுத்துத் தர வேண்டி உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டேன். தலைப்பை மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டார். ஆகவே ரகசியம், பயம் என்றெல்லாம் நான் எழுதியிருப்பதை நீங்கள் கோடு போட்டு அடித்துவிடலாம். அது போகட்டும். படித்து முடித்ததும் முகம் மாறி, “மாமா, இது எப்ப அடிச்சீங்க?” என்றார். இன்றைக்குத்தான் என்றேன். உட்கார்ந்து எதையோ திறந்து பார்த்தார். சம்பந்தி, அந்த மாமா டிரைவர் போன வாரமே விழுந்துவிட்டதாம். சிஸ்டம் அதன் இடத்தில் பழைய டிரைவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறது. எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. இந்தக் கடிதம் முழுவதையும் எந்தத் துணையும் இல்லாமல் என் கைதான் அடித்திருக்கிறது. ஆகவே மேலே அந்த டிரைவரைப் புகழ்ந்து எழுதியதையும் அடித்துவிடவும். அதற்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. அவர் பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, என் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் அதைப் பரப்பி வைத்தார். தாள் அசையவில்லை. அதை எடுக்க வந்த அவர் கைதான் நடுங்கியது. இப்போது உள்ளே உட்கார்ந்து கரடிக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்: டிரைவர் விழுந்தது ஒருவருக்கும் தெரியவில்லை, இது மிகப் பெரிய பழுது, புதுப் பதிப்பை நிறுத்துங்கள் என்று. சிரித்துக்கொண்டே எழுதுகிறார். இந்த நேரத்தில் போய் அவரை வேலைக்குக் கூப்பிட்டு வைக்காதீர்கள்.